நான்காவது பாட்டில் ஓர் இருமல்

கல்லுப்பு உடைந்தது
உப்புப் பெறாத ஒரு சண்டையில்.
அஹ்தியைக் கேட்காமல் யாரோ விற்றுவிட்ட ஆம்ப்ளிஃபையர்.
அவ்வளவுதான்.
முப்பத்தோரு வருஷம்
கெமி நகரத்தில் நால்வரும்
ஒரே கடையில் பால் வாங்கினார்கள்,
வேறு வேறு நேரத்தில்.

நான் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள்.
விடிகாலை மூன்று மணிக்கு இந்த ஊரில் விழித்திருப்பது
நானும் ரொட்டிக்கடைக்காரியும்
துறைமுகத்துச் சிவப்பு விளக்கும்.
பிப்ரவரியில் அவர்கள் மறுபடி சேர்ந்த ஆல்பம் வந்தது.
பெயர்: இன்னும் கரையவில்லை.
வண்டியில் வலது ஸ்பீக்கர் எப்போதோ செத்துவிட்டது.
இடது காதால் மட்டும் கேட்டேன்.

பொய் சொல்வானேன்,
முதல் பாட்டில் ஏமாந்துபோனேன்.
மொட்டைமாடியில் நின்று கத்திய எஸாவின் குரல்
இரண்டு மாடி இறங்கி வந்து
படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது,
மூச்சு வாங்க.

ஊர் சும்மா இருக்குமா?
மீன் சந்தையில்:
டிரம்ஸ் ரொம்பச் சுத்தம்,
துவைத்து மடித்து வைத்தது மாதிரி.
சவுனாவில் ஒருவன்:
பழையதைவிட இதுதான் மேல்.
(அவன் பழையதைக் கேட்டதே இல்லை.)
ஓவுலு பத்திரிகை ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டது.
எழுதிய பையனுக்கு இருபத்தாறு வயது.
அவன் சொன்னதில் பாதி சரி,
அதுதான் எரிச்சல்.
பதினோரு வருஷமாகப் பேசாத என் முன்னாள் கணவன்
குறுஞ்செய்தி அனுப்பினான்:
மூன்றாவது பாட்டு ஏழு நிமிஷமா? எவன் கேட்பான்?
நான் கேட்டேன்.
பாலத்தையும் பள்ளிக்கூட வாசலையும் வாரி முடிக்க
சரியாக ஏழு நிமிஷம்.

ஆனால் எல்லாச் சண்டையும் கடைசியில் வந்து நின்றது
நான்காவது பாட்டில்.
அதில் ஓரிடத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும்.
ரைமோவின் கிதாரில் ஒரே ஒரு தந்தி
அடங்கி, அடங்கி,
இல்லாமல் போகும்போது
ஓர் இருமல்.
வறண்டது. நெஞ்சின் அடியிலிருந்து வருவது.
காகித ஆலையில் இருபத்தெட்டு வருஷம் நின்றவனுடையது.

வெட்டியிருக்க வேண்டும் என்றார்கள் பாதிப் பேர்.
ரைமோவே கெஞ்சினாராம்,
ஒலிப்பதிவுக்காரி கேட்கவில்லையாம்.
பெட்ரோல் பங்க்கில் பிர்க்கோ
ரசீதைக் கிழித்துக்கொண்டே சொன்னாள்:
எங்கள் வீட்டு ஹாலில் இருந்த இருமல் அது.
மூன்று வருஷமாச்சு கேட்டு.
பிறகு, கார்டா, காசா என்றாள்.

மே மாதம் தொழிலாளர் மன்றத்தில் கச்சேரி.
நானூறு பேர், பாதிக்கு மேல்
வாசிப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டவர்கள்.
நான்காவது பாட்டு. அந்த இடம்.
தந்தி அடங்கியது.
ரைமோ உதட்டை இறுக்கிக்கொண்டார்.
கன்னம் சிவக்கச் சிவக்க
அடக்கினார்.

மூன்றாவது வரிசையில் யாரோ இருமினார்கள்.
பின்னால் இன்னொருவர்.
தூண் ஓரம் ஒரு பெண்.
சொல்லிவைத்ததில்லை, தாளமுமில்லை.
ஆலையின் மூன்று ஷிஃப்டும்
ஒரே நேரத்தில் உள்ளே வந்ததுபோல
மன்றமே இருமியது.
அஹ்தி சிரித்ததில் எண்ணிக்கையை விட்டார்.
அதுவரை ரைமோ பக்கம் திரும்பாத எஸா
திரும்பினார்.
ரைமோ முகத்தைக் கையால் மூடியிருந்தார்,
அதனால் அதைப் பார்க்கவில்லை.
பாட்டு தப்பான சுருதியில் மறுபடி தொடங்கி
அப்படியே முடிந்தது.

எனக்கு அன்றைக்கு வாய்த்தது வேறொன்று.
உப்புக்குச் சப்பாணி என்று நாங்கள் நினைத்திருந்த யோர்மா
மேடையின் வலது ஓரத்தில்
யாரையும் பார்க்காமல்
பாஸ் வாசித்துக்கொண்டிருந்தார்.
ஒவ்வொரு பாட்டின் அடியிலும்
ஒரு முழுப் பாட்டு.
அத்தனை மாதமும் அது
என் செத்த ஸ்பீக்கர் பக்கம் ஓடியிருக்கிறது.

பனி முடிந்துவிட்டது.
வண்டி ஷெட்டில் நிற்கிறது, அக்டோபர் வரை வேலையில்லை.
ஸ்பீக்கரை மாற்றச் சொல்லிவிட்டேன்.